உச்சி நனையாமல்

கடலுக்கு அடியில் போய்ப் பார்க்கலாம் என்ற யோசனை என் மனைவியுடையது. நான் கரையில் நின்று கடலைப் பார்த்து, ஒரு கச்சான் கடலைப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு வீடு திரும்பும் ரகம். மலாக்காக்காரன் கடலுக்குப் பயப்படலாமா என்று கேட்பார்கள். நான் பிறந்தது மலாக்காவில்தான். ஆனால் அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கித்தா மரமாக நிற்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த ஆகப் பெரிய நீர்நிலை குழாயடித் தொட்டி. அதற்குள்ளும் நான் ஒருமுறை தலைகுப்புற விழ, கோழியைத் தூக்குவதுபோல் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு மரியாதையான தூரம் இருந்துவந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் செங் என்ற ஊரில் ஒரே எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் மிஷின் ரிப்பேர் பார்க்கும் டெக்னீஷியன். அவளுக்குக் கியூ.சி. வேலை. ஷிப்ட் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசியில் பாதிகூட இல்லாத சில்லுகளில் கீறல் இருக்கிறதா, கம்பி விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் ஒதுக்குவாள். இல்லாவிட்டால் அடுத்தது. அதே கண்ணோடு வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கும்போது, என் உடம்பில் எந்தக் கம்பி விலகியிருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வரும்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருடம். ஒருமுறை தங்கி, மூன்றாவது மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதற்குக் காரணம் சொல்லாதவர்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லை. அன்னாசி தின்றிருப்பாள். நைட் ஷிப்ட் போனாள். ஈரத்துணி வாளியைத் தூக்கினாள். கிரகணத்தன்று வாசலில் நின்றாள். ஒருவர் சொன்ன காரணத்தை இன்னொருவர் சொல்லவில்லை. ஆனால் எல்லாக் காரணத்திலும் அவள் இருந்தாள். ஏதாவது ஒன்றில் நான் இருப்பேனா என்று தேடிப் பார்த்தேன். அந்த அளவுக்கு என்னை யாரும் மதிக்கவில்லை.

அவள் இதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எஞ்சினியர் கேன்டீனுக்கு ஒரு போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். சீனர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். லீவு கிடைத்தால் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவார். கிழக்குக் கரையில் மெர்சிங்கிலிருந்து போட்டில் பாதி நாள் போனால் வரும் ஒரு தீவில் எடுத்த படங்கள் அவை. எல்லோரும் ரொட்டி சானாய் தின்ற கையோடு புரட்டிவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளினார்கள். என் மனைவி ஒரு படத்தில் நின்றுவிட்டாள். ஆல்பம் கைமாறி எங்கேயோ போன பிறகு எழுந்து போய்த் திரும்ப வாங்கி வந்து பார்த்தாள்.

அன்று தொழிற்சாலை பஸ்ஸில் வரும்போது, நாமும் அங்கே போகலாமா என்று கேட்டாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் ஜோக் சொல்வது என் வேலை. அவள் சொன்னால் அது ஜோக்காக இருக்காது என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்:

“குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு இல்லாம, சும்மா பாக்கறதுக்குன்னு ஒண்ணைப் பாக்கணும்ங்க.”

நாங்கள் இறங்கும் புக்கிட் காத்தில் நிறுத்தம் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

எஞ்சினியர் சந்தோஷமாக எங்களைச் சேர்த்துக்கொண்டார். மழைக்காலம் போய்க் கிழக்குக் கடல் அடங்கிய பிறகு, ஜூன் மாதத்தில் பயணம். அதற்கு முன் ஞாயிறுதோறும் டவுனில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் பயிற்சி. லீவுக்குச் சொல்லிவைத்தோம். மெர்சிங்வரை யார் வேனில் போவது என்பதுகூட முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான். அம்மாவிடம் சொல்வது.

அம்மா பால்வெட்டு வேலையிலிருந்து நின்றபின் எங்களோடுதான் தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்தாள். ஸ்கூபா டைவிங் என்பதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முக்குளிப்பு என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் முக்குளித்ததில்லை. எனக்கு வாயில் வந்த சொல்லைச் சொன்னேன்: “கடலுக்குப் போய் முழுகறதும்மா. ரெண்டு பேருமா.”

அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள். அந்த முகம் அப்படி மலர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து தொலைதூரக் கடலில் போய் முழுகுவதென்றால் அம்மாவுக்கு ஒரே அர்த்தம். பிள்ளை வரம். ராமேஸ்வரம்வரை போக முடியாதவர்களுக்கு இந்த நாட்டிலேயே ஒரு தீர்த்தம் இருப்பது தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டாள். அங்கே என்ன சாமி என்று கேட்டாள்.

“சாமியெல்லாம் இல்லம்மா. மீனுதான் இருக்கு.”

பெருமாள் மீனாக வந்தாரே, அதுவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இல்லை, நாங்கள் வேடிக்கை பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்ல இருவருக்கும் மனசு வரவில்லை. அம்மா அன்று சாயங்காலமே ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மேடையில் வைத்துவிட்டாள். எங்கள் கடல் பயணம் அந்த நிமிடத்திலிருந்து ஒரு வேண்டுதல்.

பயிற்சி ஆரம்பித்தது. ஹோட்டல் வாசலில் நீச்சல் குளத்துக்கு வழிகாட்டும் பலகையில் மலாயில் ‘கோலம்’ என்று எழுதியிருக்கும். நம்ம குளத்தைத்தான் அவர்கள் கோலம் ஆக்கிவிட்டார்கள் என்பது என் கட்சி. ஆதாரம் எதுவும் கையில் இல்லை. எப்படியோ, நம்ம குளத்திலேயே நான் முங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, தொழிற்சாலை விளையாட்டு விழாவில் கிடைத்த டீசட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, இரண்டாவது வாரமே அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். எஞ்சினியர் கையைக் காட்டிக் கூப்பிட்டால்தான் மேலே வருவாள். இவ்வளவு நிதானமாக மூச்சு விடுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை லா என்று அவர் சொன்னார். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, உன் மனசு நல்ல மனசு என்றார்.

என் பிரச்சினை மீசை. கண்ணாடி முகமூடி மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். மீசை இருந்தால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும். வேஸ்லின் தடவிப் பார்த்தோம். மீசை பளபளத்தது, தண்ணீரும் ஏறியது. எடுத்துவிடு, முடிதானே என்றார் எஞ்சினியர். அவருக்கு அது முடி. நான் ஒரு வாரம் யோசித்து, ஒரு சனிக்கிழமை எடுத்துவிட்டேன்.

மறுநாள் பயிற்சி முடிந்து ஏதோ சாமான் வாங்க அலோர் காஜா போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பழைய லயத்து மாமா ஒருவர் எதிரில் வந்தார். என் மேலுதட்டைப் பார்த்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிள்ளை இல்லாததற்காக இப்படிக் கையைப் பிடித்துப் பரிதாபப்படுகிறவர்கள் எனக்குப் பழக்கம். அதனால், என்ன செய்யறது மாமா, நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான் என்றேன். ரொம்பக் கஷ்டமா என்று கேட்டார். அஞ்சு வருஷமா கஷ்டந்தான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தாயோ தகப்பனோ போனால்தான் நம்ம ஆள் மீசையை எடுப்பான். என் அப்பா போய்ப் பல வருடமாகிறது. மீதி இருப்பது யார் என்று அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்க, கதவைத் திறந்தது அம்மா. வேனில் வந்த பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்திருந்தாள், அப்படியே நிறுத்தினாள். அம்மா எல்லோரையும் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், உள்ளே திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாலையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஒரு ரோசாப்பூகூட வைக்கலையே. எனக்கு இவ்ளோதானா?”

எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

மே மாதம் பிறந்தபோது என் மனைவிக்குக் காலையில் தலைசுற்றியது. பயிற்சியில் தண்ணீர் ஏதும் குடித்திருப்பாள் என்று நினைத்தேன், என் அனுபவத்தை வைத்து. கிளினிக்கில் டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்: மருமக முழுகாம இருக்கா.

தமிழ் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது காதில் விழுந்த விதம் வேறு. முழுகுவதற்காக ஞாயிறு ஞாயிறாகப் பாடுபட்டவள் இனி முழுக மாட்டாள் என்பதைத்தான் நம்ம மொழி நல்ல சேதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சினியரும் அதையே சொன்னார். கர்ப்பிணி கடலுக்கடியில் போகக் கூடாது, அதில் பேச்சே இல்லை. அவள் தலையாட்டிவிட்டு, இரவல் வாங்கியிருந்த முகமூடியைத் துடைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, பொய்யில்லை. கொடுத்த கை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பி வந்தது.

நானும் போகவில்லை என்று அறிவித்தேன். அதற்கு அம்மா எனக்கு நல்ல காரணம் ஒன்றைக் கொடுத்திருந்தாள். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் கடலில் குளிக்கக் கூடாது. பிணம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, முடி எடுக்கக் கூடாது. மீறினால் பிள்ளைக்கு ஆகாது. தீபாவளிக்கு எண்ணெய் வைப்பதையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நான், இந்த விதிகளுக்கு அப்படியே அடங்கிப்போனேன். நம்ம முன்னோர் சும்மாவா சொல்லியிருப்பார்கள் என்றுகூடப் பேசினேன். மீசையும் திரும்ப வளர்ந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஆசாரமாக இருந்த காலம் வேறு இல்லை. தண்ணீரிலிருந்து தப்பித்தவனின் பக்தி அது. அதை என் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

குழப்பம் அம்மாவிடமிருந்து வந்தது. சாமி மேடையில் மஞ்சள் துணி இருந்ததே. முழுகப் போகிறோம் என்று முடிந்து வைத்ததற்கே அவன் கொடுத்துவிட்டான் என்பது அம்மாவின் கணக்கு. கொடுத்த பிறகு போகாமல் இருந்தால் அது சாமிக்குச் செய்யும் மோசம், பிள்ளைக்கு ஆகாது. போய்க் கடலில் முழுகினாலும் பிள்ளைக்கு ஆகாது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடப் பார்த்தேன். அங்கே கோயிலும் இல்லை, தீர்த்தமும் இல்லை, அது வெறும் கடல் என்றேன். வேண்டிக்கிட்டவ நானு, கடலுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் பஸ்ஸில் என் மனைவி பேசினாள். அடுத்த வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்காத குரல்.

“நீங்க போய்ட்டு வாங்க.”

“அம்மா சொல்றாங்களே. ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா நீங்க போனதாலன்னு சொல்வாங்க. போகாம இருந்து ஆச்சுன்னா, நான் என்ன தின்னேன்னு கேப்பாங்க. ரெண்டுல எதுன்னாலும் நான் கேட்டுத்தான் ஆகணும். கடலையாவது பாத்துட்டு வாங்க.” பிறகு, “பாத்தத அப்படியே வந்து சொல்லணும். ஜோக்கு இல்லாம” என்றாள்.

எனக்குத் தண்ணீர் பயம் என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அது தொழிற்சாலை முழுக்கத் தெரியும் என்றாள்.

வழி கண்டுபிடித்தது அம்மாவேதான். அவளும் என் மனைவியும் அடுக்களையில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கடலில் கால் நனையலாம். உடம்பு நனைந்தாலும் பாதகமில்லை, மீன்பிடிக்கிறவன் பெண்டாட்டி பிள்ளை பெறவில்லையா. உச்சி நனையக் கூடாது. உச்சி நனைந்தால்தான் அது முழுக்கு. ஆகவே நான் போக வேண்டும், கடலில் இறங்க வேண்டும், வேண்டுதலை முடிக்க வேண்டும், ஆனால் உச்சந்தலையில் ஒரு சொட்டுப் படக் கூடாது. நான் எஞ்சினியரிடம் போய் இதைச் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. அவருடைய அம்மாவும் கர்ப்பிணி வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டாராம். யோசித்துவிட்டு, அப்படியென்றால் நீ ஸ்னோர்கல் மட்டும் பண்ணு என்றார். உயிர்காக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலேயே குப்புற மிதக்க வேண்டியது. முகம் மட்டும் தண்ணீரில், வாயிலிருந்து ஒரு குழாய் மேலே, உச்சி வானத்தைப் பார்த்தபடி. என் மனைவி அதற்கும் மேலே ஒரு பாதுகாப்புச் செய்தாள். பெண்கள் குளிக்கும்போது தலை நனையாமல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைப் பாசாரில் வாங்கி வந்தாள். வெள்ளையில் ரோஸ் நிறப் பூ போட்டது. வேறு நிறம் கிடைக்கவில்லை என்றாள். நான் இன்றுவரை நம்பவில்லை.

அந்தக் கோலத்தில் தென்சீனக் கடலில் இறங்கிய முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

போட்டில் போகும்போது வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே போய்விட்டது. அதனால் இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. மற்றவர்கள் உருளைகளைக் கட்டிக்கொண்டு முதுகுப்பக்கமாக விழுந்து மறைந்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, படி படியாக, தொப்பியை ஒரு கையால் அழுத்தியபடி இறங்கினேன். மீசை இடுக்கில் வேஸ்லின். போட் ஓட்டியவர் மலாய்க்காரர், ஒன்றும் கேட்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாகரிகம் தெரிந்த மனிதர். தோள்கள் மட்டும் குலுங்கின.

முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

முதலில் பயத்தில் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. அப்புறம் அது கொஞ்சம் அடங்கியது. கீழே எஞ்சினியரும் மற்றவர்களும் ரொம்ப ஆழத்தில், சின்னச் சின்னதாக. அவர்கள் விட்ட மூச்சு குமிழ்களாக மேலே வந்து என் வயிற்றில் முட்டி உடைந்தது. நான் பார்த்ததை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், மறந்துவிடக் கூடாது என்று. மூளையைப் போல் சுருக்கம் சுருக்கமாக ஒரு கல். மான்கொம்பைப் போல் ஒன்று, நுனி மட்டும் நீலம். அதற்குள்ளே தீப்பெட்டிக் குச்சி அளவு மீன்கள், நான் கையை அசைத்தால் எல்லாம் ஒன்றாக உள்ளே போய், எல்லாம் ஒன்றாக வெளியே வந்தன. ஒரு பெரிய பச்சை மீன் கல்லைக் கடித்துத் தின்றது. கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது, முறுக்கு கடிப்பதுபோல. நான் எதற்குப் பயந்தேன் என்பது எனக்கே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அப்போது அலை ஒன்று பக்கத்திலிருந்து வந்து தலையில் அறைந்தது. ஆமைபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு, உதைத்து, கத்தி, ஏணியைப் பிடித்தேன். தொப்பி தலையில்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்து அதைக் கழற்றினேன். உள்ளே தலைமுடி ஈரம். கடலா, வேர்வையா? விரலால் உச்சியைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு. இரண்டும் உப்புத்தான் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, உச்சி? தொப்பி கழலவில்லை என்றேன். அது உண்மை. அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசைக் கோயில் உண்டியலுக்கு எடுத்துவைத்தாள்.

என் மனைவி அவசரப்படவில்லை. நான் குளித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஜோக் இல்லாமல் பேசுவது எனக்குச் செருப்பில்லாமல் தாரில் நடப்பதுபோல. அடிக்கடி தடுக்கியது. நீலம் என்று சொன்னால் எப்படிப்பட்ட நீலம் என்று கேட்டாள். மீன் திரும்பும்போது நிறம் மாறியதா என்று கேட்டாள். நான் கவனிக்காததையெல்லாம் கேட்டாள். தெரியவில்லை என்று நான் சொன்ன இடங்களில், பரவாயில்லை, அடுத்தது என்றாள். உச்சி விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நம்பாதவனுக்கு என்ன உச்சி, என்ன பாதம் என்றுதான் நினைத்தேன்.

ஆறாவது மாதத்தில் அவளுக்கு உதிரம் பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் படுக்க வைத்தார்கள். நான் வெளியே நீள நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நம்பிக்கை இல்லாதது அந்த இடத்தில் எனக்கு ஒரு துளியும் உதவவில்லை. என் கை தானாகத் தலைக்குப் போய் உச்சியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை மாதம் கழித்தும் அது காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பயம் வருவதற்கு நம்பிக்கை தேவையில்லை, ஒரே ஒரு சொல் போதும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். யாரோ எப்போதோ சொன்ன சொல். அன்னாசி, வாளி, கிரகணம் எல்லாம் இவளுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று அதற்குமுன் நான் யோசித்ததில்லை. வருத்தப்பட்டிருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன். அது வேறு.

பார்க்க விட்டபோது உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அலை, தொப்பி, விரல், உப்பு. கதை விரலை நக்கிய இடத்துக்கு வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஆடாமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் மிஸ்ஸி வந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கிய பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இவ்ளோ நாளா எல்லாக் காரணத்துலயும் நான் ஒருத்தியேதான் இருந்தேன். இப்பத் தொணைக்கு நீங்க வந்துட்டீங்க.”

அவள் காலை அமுக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உதிரம் நின்றது. குழந்தை, பெண், நல்லபடியாகப் பிறந்தாள். தலை நிறைய முடி. அம்மாவைக் கேட்டால் அது வேண்டுதல். டாக்டரைக் கேட்டால் ஓய்வு. என்னை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை, ஷிப்ட், வீடு என்று வருடங்கள் போயின. கடல் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, எனக்கு அது வசதியாக இருந்தது. பெண்ணுக்கு நான்கு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். எஞ்சினியர் அதற்குள் வேறு தொழிற்சாலைக்கு மாறியிருந்தார், ஆனால் அதே ஹோட்டலில்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தமுறை திட்டம் முழுக்க அவளுடையது. மெர்சிங், போட்டு, எனக்கு வாந்தி மாத்திரை, பெண்ணுக்குப் பால்மாவு, எல்லாவற்றையும் அவளே எடுத்துவைத்தாள். அம்மாவிடமும் அவளே சொன்னாள். முழுக என்று சொல்லவில்லை. “கடலப் பாக்கப் போறேன் அத்தை” என்றாள். அம்மாவும் எந்தச் சாமி என்று கேட்கவில்லை. போய்ட்டு வாம்மா என்றாள்.

போட்டின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையால் முகமூடியை அழுத்திக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்தாள். அவ்வளவுதான். தண்ணீர் மூடிக்கொண்டது. அம்மா எங்கே என்று பெண் கேட்டாள். குமிழ்கள் வரும் இடத்தைக் காட்டினேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழ்கள் நகர்ந்தன, கொஞ்சம் நின்றன, திரும்ப நகர்ந்தன. நிற்கும் இடங்களில் அவள் எதையோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நின்றன. எனக்குப் பயமாக இல்லை என்று எழுத ஆசைதான்.

மேலே வந்தபோது முகமூடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, போட்டைப் பிடிக்காமல், தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் மிதந்தாள். நான் குனிந்து, எப்படி இருந்துச்சு என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க சொன்னதெல்லாம் தப்பு.”

எது தப்பு என்று கேட்டேன். போட்டில் கேட்டேன், வேனில் கேட்டேன், வீட்டுக்கு வந்தும் கேட்டேன். சிரிக்கிறாளே தவிர, சொல்லவில்லை.